மாடல் ரயிலுக்குச் சரியான வர்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், இந்திய ரயில்களைச் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 1:87-க்குக் கணக்கிட்டவை. வேறு அளவில் செய்பவர்கள் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி.எஃப். (சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகை) பெட்டியின் நீலத்துக்கு எந்த பாட்டிலை வாங்க வேண்டும்? எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

அந்த நீலம் அப்படியே எந்த பாட்டிலிலும் கிடைக்காது. கலக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் எந்த ஆண்டு, எந்த வண்டி, பணிமனையிலிருந்து வந்து எத்தனை மாதம் ஆன பெட்டி என்று முடிவு செய்யுங்கள். வேக்யூம் பிரேக் காலத்துப் பெட்டி செங்கல் சிவப்பு. ஏர் பிரேக் பெட்டிகள் பரவிய 1990-களிலிருந்துதான் வெளிர்நீல உடம்பும் ஜன்னல் வரிசையில் கருநீலப் பட்டையும் நாடெங்கும் ஓடின. ஒரே ரேக்கில், அதாவது ஒன்றாக இணைத்து ஓடும் பெட்டி வரிசையில், நேற்று பெயின்ட் அடித்த பெட்டியும் நான்கு வெயில் பார்த்த பெட்டியும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டும் அசல்தான்.

டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயின்டில் தொடங்க ஒரு கலவை: வெளிர்நீலத்துக்கு எக்ஸ்-14 ஸ்கை புளூ 3 பங்கு, எக்ஸ்.எஃப்-2 வெள்ளை 3 பங்கு, எக்ஸ்.எஃப்-19 சாம்பல் 1 பங்கு. ஜன்னல் பட்டைக்கு எக்ஸ்-3 ராயல் புளூ 6 பங்கு, எக்ஸ்.எஃப்-8 நீலம் 2 பங்கு, வெள்ளை அரைப் பங்கு. இதை அப்படியே பெட்டியில் அடித்துவிடாதீர்கள். மாதிரித் துண்டில் அடித்துப் பார்த்து ஏற்ற இறக்கம் செய்ய வேண்டும்.

இணையத்தில் உள்ள புகைப்படத்தை போனில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் எண் எடுத்தால் சரியாக வருமா?

வராது. போன் கேமரா நிழலுக்கும் வெயிலுக்கும் தானே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், நீலத்தைத் தூக்கிக் காட்டும். அதே பெட்டி காலை 7 மணிக்கு மஞ்சளாகவும், மேகமூட்டத்தில் ஊதாவாகவும் பதிவாகும். புகைப்படம் பயன்படுவது இரண்டுக்கு: எந்த நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது எதைவிடக் கருமை.

நிறத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் நிற அட்டையை எடுத்துக்கொண்டு யஷ்வந்த்பூரிலோ பையப்பனஹள்ளி எஸ்.எம்.வி. டெர்மினலிலோ நிற்கும் வண்டிக்கு எதிரே, காலை 10 மணிக்கு மேல், மேடைக் கூரையின் நிழல் படாத இடத்தில் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஒப்பிடுங்கள். நெருங்கும் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். பெட்டியின் அழுக்கில்லாத இடம் கதவுக்குப் பக்கத்தில், கைப்பிடி உயரத்தில் இருக்கும். கூரையோரத்தையும் அடிப்பகுதியையும் நம்பாதீர்கள்.

ஐ.எஸ். 5 எண், ரால் எண் என்கிறார்களே, அது என்ன?

ஐ.எஸ். 5 என்பது இந்தியத் தர நிறுவனத்தின் பெயின்ட் நிறப் பட்டியல். மூன்று இலக்க எண்: 537 சிக்னல் சிவப்பு, 446 ரெட் ஆக்சைடு, 356 கோல்டன் மஞ்சள், 592 இன்டர்நேஷனல் ஆரஞ்சு. ரால் என்பது 1927-இல் ஜெர்மனியில் தொடங்கிய நான்கு இலக்கப் பட்டியல். தொழிற்சாலை எனாமல் விற்கும் கடைகளில் இரண்டின் அட்டையும் இருக்கும். எண் கிடைத்தால் அது தொழிற்சாலையில் அடித்த நாளின் நிறம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே வெயில் வேலையைத் தொடங்கிவிடும்.

அப்படியானால் ஜே.சி. ரோட்டில் கார் பெயின்ட் கலப்பவரிடம் எண்ணைக் கொடுத்து அதையே வாங்கிவிடலாமே?

பித்தளை உடம்புக்கு அடிக்கலாம், உலோக பிரைமர் போட்டபின். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உடம்புக்கு வேண்டாம். கார் பெயின்டிலும் என்.சி. தின்னரிலும் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையே கரைக்கும்; ரிவெட் தலைகள் மழுங்கும், பரப்பு வெடித்த களிமண் போல ஆகும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலும் நிறம் பொருந்தினாலும் இதற்கு ஆகாது. அதன் படலம் தடிமன். 87 மடங்கு சிறிய கதவு இடுக்கு அதில் அடைபட்டுப் போகும்.

அசல் பெயின்டையே கொண்டுவந்து அடித்தும் மாடல் கறுத்துத் தெரிகிறது. ஏன்?

மேசையில் 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள். 1:87-இல் அது 52 மீட்டர் தூரத்துக்குச் சமம். அசல் வண்டியை 52 மீட்டரில் பார்க்கும்போது நடுவே காற்றும் தூசியும் வெளிச்சமும் இருக்கின்றன, நிறம் சற்று வெளிறி, சாம்பல் கலந்து தெரியும். மாடலுக்கு அந்தக் காற்று இல்லை. அதனால் கலவையிலேயே வெளிறச் செய்ய வேண்டும். கருநீலம், மெரூன், கரும்பச்சைக்கு 10 சொட்டுக்கு 1 சொட்டு வெளிர்சாம்பல் சேர்த்துத் தொடங்குங்கள். சிவப்பில் வெள்ளையைச் சேர்த்தால் ரோஜா நிறம் அடித்துவிடும். அதற்குத் துளி ஆரஞ்சோ தோல் நிறமோ சேர்ப்பது நல்லது. கறுப்பு என்று ஒன்றை அடிக்கவே வேண்டாம். போகிக்கும் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) அடிச்சட்டத்துக்கும் எக்ஸ்.எஃப்-63 ஜெர்மன் கிரே போதுமான கறுப்பு.

மாதிரித் துண்டு செய்வது எப்படி? எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

உடம்பு எந்தப் பொருளோ அதே பொருளில் 3 × 5 சென்டிமீட்டர் துண்டு. அதே பிரைமர், அதே நிறம், மேலே அதே வார்னிஷ். மூன்றும் வேண்டும். மங்கல் வார்னிஷ் நிறத்தை வெளிறச் செய்யும், பளபளப்பு வார்னிஷ் ஆழமாக்கும். பாதித் துண்டுக்கு மட்டும் வார்னிஷ் அடித்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கம் கலவையை எழுதிவிடுங்கள்.

பார்ப்பது உங்கள் லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் மேசை, இருக்கும் அறையின் விளக்கில். கடையில் பொருந்திய இரண்டு நீலங்கள் வீட்டு எல்.இ.டி.யில் பிரிந்து நிற்பது சாதாரணம். நிறமிகள் வேறு என்பதால் விளக்கு மாறினால் ஒன்று ஊதாவுக்குச் சாயும். 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு அசலாகக் காட்டும் என்ற எண்) 90-க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட பல்பை வேலை மேசைக்கும் லேஅவுட்டுக்கும் ஒன்றாகப் போட்டுவிட்டால் பாதித் தலைவலி போகும்.

பட்டையின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்? வரைபடம் கிடைக்கவில்லை.

நிறம் அரை மாற்று தப்பினாலும் கண் மன்னித்துவிடும். பட்டை அரை மில்லிமீட்டர் தப்பினால் மன்னிக்காது. அதனால் நேரத்தை இதில் செலவழியுங்கள்.

வண்டிக்குச் செங்குத்தாக நின்று, முடிந்தவரை பின்னால் போய், இரண்டு மூன்று மடங்கு ஜூமில் படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் வளையும். படத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: போகியின் இரண்டு அச்சுகளின் மையத்துக்கு இடையே உள்ள தூரம். ஐ.சி.எஃப். போகியில் அது 2896 மில்லிமீட்டர், எல்.எச்.பி. என்ற புதிய ஜெர்மன் வடிவப் பெட்டியின் ஃபியட் போகியில் 2560. சக்கர விட்டத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர், ஆனால் தேயத் தேயக் கடைந்து சிறிதாக்கியிருப்பார்கள்.

ஐ.சி.எஃப். படத்தில் அந்த அச்சுத் தூரம் 290 பிக்சல் வந்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். பட்டை 95 பிக்சல் இருந்தால் 950 மில்லிமீட்டர், மாடலில் 10.9. இப்படி மூன்று படத்தில் அளந்து சராசரி எடுங்கள். கடைசியில் எண்ணைவிட ஜன்னல் சட்டத்துக்கு மேலும் கீழும் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பதே முக்கியம். உங்கள் மாடலின் ஜன்னல் சற்றுப் பெரிதாக வார்க்கப்பட்டிருந்தால் பட்டையையும் அதற்கேற்ப நகர்த்துங்கள்.

டாமியா, வல்லெஹோ, ஹம்ப்ரால், மிஸ்டர் கலர்: எதை எடுப்பது?

ஏர்பிரஷ் இருந்தால் டாமியா அல்லது மிஸ்டர் கலர். கையால் பிரஷ் போட வல்லெஹோ. ஹம்ப்ரால் எனாமல் நன்றாகப் பரவும், ஆனால் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் டேப் ஒட்டினால் தடம் பதியும்.

தின்னரில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். டாமியாவுக்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ 1:1. வல்லெஹோவில் ஆல்கஹால் ஊற்றினால் தயிர் திரிந்ததுபோல் ஆகி ஏர்பிரஷ் ஊசியை அடைக்கும். அதன் சொந்தத் தின்னரை மட்டும் விடுங்கள். மிஸ்டர் கலர் லாக்கர் வகை, தாராளமாக 1:1.5 வரை நீர்க்கலாம், ஆனால் வாசனை கடுமை. அக்ரிலிக் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து இரண்டு கம்பெனி பாட்டில்களை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஏர்பிரஷ் அமைப்பு?

0.3 மில்லிமீட்டர் ஊசி, இரட்டை இயக்கம், 15 முதல் 18 பி.எஸ்.ஐ., 10 சென்டிமீட்டர் தூரம். பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கோப்பையின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாக வழுக்கி இறங்கணும். பரப்பில் மணல் போலச் சொரசொரத்தால் பெயின்ட் காற்றிலேயே காய்கிறது: கிட்டே போங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், இன்னும் கொஞ்சம் நீர்க்கச் செய்யுங்கள். சிலந்திக் கால்கள் போல் ஓடினால் அதற்கு நேர் எதிர்.

முகமூடியில் சிக்கனம் வேண்டாம். என்-95 பெயின்ட் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிப்பவர்களுக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி தேவை.

ஒரு ரேக்குக்கு எவ்வளவு பெயின்ட்?

ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், மாடலில் 245 மில்லிமீட்டர். பக்கங்கள், கூரை, முனைகள் சேர்த்து சுமார் 300 சதுர சென்டிமீட்டர். மூன்று மெல்லிய பூச்சுக்கு, காற்றில் பறப்பதையும் சேர்த்து, நீர்த்த பெயின்ட் 6 மில்லிலிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி பாட்டில் நீர்த்தபின் 20 மில்லி ஆகும். மூன்று பெட்டிக்கு வரும்.

ஆகவே 9 பெட்டி ரேக் என்றால் முதன்மை நிறத்தை மூன்று நான்கு பாட்டில் வாங்கி, ஒரே குப்பியில் ஒரே நாளில் கலந்துவிடுங்கள். பெட்டிக்குப் பெட்டி தனித்தனியாகக் கலந்தால் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஒன்பது ஊர் வண்டிகளை இணைத்ததுபோல் நிற்கும். நிற எண் சற்றுத் தள்ளிப்போன ரேக்கை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தன்னோடு தானே பொருந்தாத ரேக்கைக் குழந்தைகூடக் காட்டிக்கொடுக்கும். பழைய பெட்டி ஒன்று வேண்டுமென்றால் அதே கலவையில் வெளிர்சாம்பலைச் சேர்த்து வேண்டுமென்றே மாற்றுங்கள்.

சொட்டுக் கணக்கு சிறு சோதனைக்கு மட்டும். கெட்டியான பாட்டிலின் சொட்டும் நீர்த்த பாட்டிலின் சொட்டும் ஒன்றல்ல. பெரிய கலவைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லி சிரிஞ்ச், அல்லது 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு.

எல்.எச்.பி. சிவப்பு-சாம்பல் பெட்டிக்கு எந்த நிறம் முதலில்?

சாம்பல் முதலில், சிவப்பு பிறகு. சிவப்பின் மேல் வெளிர் நிறத்தை அடித்தால், குறிப்பாக லாக்கரில், சிவப்பு ஊறி மேலே வந்து சாம்பல் ரோஜா நிறமாகும். முறை இப்படி:

1. பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவி, ஆறவிட்டு, பிறகு கையுறையோடு மட்டும் தொடுங்கள். பிளாஸ்டிக்கில் அச்சு எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் டேப்போடு உரிந்து வரும்.
2. வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் பிரைமர், மெல்லிசாக இரண்டு தரம். கருஞ்சாம்பல் பிரைமர் மேல் சிவப்பு மண்ணாகத் தெரியும்.
3. ஜன்னல் பகுதியில் சாம்பல். 24 மணி நேரம் காயட்டும்.
4. மேல் கோட்டிலும் கீழ்க் கோட்டிலும் 6 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் வைத்துப் புது பிளேடால் ஓரம் வெட்டி ஒட்டுங்கள். சுருளின் ஓரத்தில் தூசியும் மழுங்கலும் இருக்கும்.
5. டேப் ஓரத்தில் அதே சாம்பலை ஒரு தரம் லேசாக அடியுங்கள். கசிய வேண்டியது சாம்பலாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும்.
6. சிவப்பு: எக்ஸ்.எஃப்-7 அடிப்படை, 10 சொட்டுக்கு 1 சொட்டு எக்ஸ்.எஃப்-9. நான்கு மெல்லிய பூச்சு. ஒரே மூச்சில் மூடப் பார்த்தால் வழியும்.
7. கடைசிப் பூச்சு அடித்து 20 நிமிடத்தில், டேப்பை அதன் முதுகோடு மடக்கி, மெதுவாக இழுங்கள்.

கூரை கடைசியில். வெள்ளி நிறம் கழுவிய தின்னரை உடனே கொட்டிவிடுங்கள். அதில் மிதக்கும் மினுக்குத் துகள் அடுத்த மூன்று நிறத்திலும் தலைகாட்டும்.

பிரஷ் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

சரக்கு வேகன், போகி, கூரை, நீலகிரி மலை ரயில் பெட்டியின் பலகைக் கோடுகள் இவையெல்லாம் பிரஷ்ஷில் அழகாக வரும். நீண்ட மழமழப்பான எல்.எச்.பி. பக்கத்துக்குக் கையில் அடிக்கும் ஸ்ப்ரே கேனே மேல். கேனைக் கைச்சூடு உள்ள வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, குலுக்கி, பெட்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். அடுப்பில் சூடாக்குகிறேன் என்று யாரும் இறங்காதீர்கள்.

பெங்களூர் மழையில் பெயின்ட் வெளுத்துப் போகிறது. பால்கனியில் அடிக்கிறேன்.

ஈரக்காற்றில் லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படலத்தில் இறங்கிவிடும். அதுதான் அந்தப் பால் வெள்ளை. ஜூன் முதல் அக்டோபர் வரை மதியம் 12 முதல் 3 மணிக்குள் அடியுங்கள், கம்ப்ரசரில் நீர்ப்பிடிப்பான் மாட்டுங்கள், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரைச் சேருங்கள். வெளுத்தது லாக்கராக இருந்தால், வெயிலுள்ள நாளில் வெறும் தின்னரை ஒரு தரம் மெல்லிசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பால்கனியின் பெரிய எதிரி பக்கத்து மனைக் கட்டடத் தூசி. அடித்த பெட்டியை உடனே மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். இன்னொன்று தண்ணீர்: டேங்கர் தண்ணீரும் போர் தண்ணீரும் உப்பு. அதில் கழுவினாலோ, டீகாலை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலத்தை, ஊறவைத்தாலோ காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பயன்படுத்துங்கள்.

3டி பிரிண்ட் உடம்பில் கோடு கோடாகத் தெரிகிறது.

பெயின்ட் அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். ரெசின் என்றால் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் முழுதாக இறுகவிட்டபின், 400, 600, 1000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பிறகு மிஸ்டர் சர்ஃபேசர் 1000, மறுபடி 1000 உப்புத்தாள். முழுதாக இறுகாத ரெசின் மேல் அடித்த பெயின்ட் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். அதற்கு மருந்து கிடையாது, உரித்துத்தான் ஆகணும்.

டீகாலைச் சுற்றி வெள்ளிபோலப் பளபளக்கிறது.

மங்கல் பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று சிக்கியிருக்கிறது. நிறத்துக்கும் டீகாலுக்கும் நடுவே எக்ஸ்-22 பளபளப்பு கிளியர் அடித்து ஒரு நாள் விடுங்கள். டீகால் ஒட்டும் திரவமான மைக்ரோ செட் தடவி ஒட்டி, நீர் ஒற்றி எடுத்து, மேலே அதை மென்மையாக்கும் மைக்ரோ சால். டீகால் சுருங்கும்போது தொடாதீர்கள், தானே படியும். எல்லாம் முடிந்து மங்கல் வார்னிஷ்.

சாதாரணப் பிரின்டர் வெள்ளை மையை அச்சிடாது. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டோனரில் அச்சிடுபவரிடம்தான் போக வேண்டும். பொதுப் பெட்டியின் ஓரத்தில் வரும் சாய்ந்த மஞ்சள் கோடுகளையும் கடைசிப் பெட்டியின் மஞ்சள் பெருக்கல் குறியையும் டீகாலாகவே செய்யுங்கள், டேப் போட்டு அடிப்பது வீண் சிரமம்.

அழுக்கு எவ்வளவு சேர்க்கலாம்?

ஐ.சி.எஃப். பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தின் மேலேயே உரசுகிறது. இரும்புத் தூள் பறந்து போகியும் பெட்டியின் அடிவிளிம்பும் முனைச் சுவரும் துருப்பழுப்பாகும். எல்.எச்.பி.யில் டிஸ்க் பிரேக். அந்தத் துருத்தூள் மிகக் குறைவு, படிவது பெரும்பாலும் மண் தூசி. இரண்டு ரேக்குக்கும் ஒரே பழுப்பை அடிப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. ஐ.சி.எஃப்.-க்கு எக்ஸ்.எஃப்-64 சிவப்புப் பழுப்பு, எல்.எச்.பி.-க்கு எக்ஸ்.எஃப்-57 பஃப், ஒன்றுக்கு ஐந்து பங்கு தின்னர், கீழிருந்து மேலாக மங்கும்படி. ஆல்கோ வகைப் பழைய டீசல் இன்ஜினுக்குப் புகைபோக்கியைச் சுற்றிக் கரி. ஜன்னலுக்குக் கீழே வழிந்த கறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியப் பெட்டியில் அது இல்லாமல் இருக்காது.

அடித்தது பிடிக்கவில்லை. எப்படி உரிப்பது?

அக்ரிலிக் என்றால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் முதல் ஒரு இரவு வரை, பிறகு பழைய டூத் பிரஷ். எனாமலுக்கு டாட்-3 பிரேக் ஆயில். சில பிளாஸ்டிக்கை அது நொறுங்க வைக்கும் என்பதால் உள்பக்க மூலையில் சோதித்துவிட்டு இறங்குங்கள். அசிட்டோனைப் பிளாஸ்டிக் பக்கம் காட்டவே கூடாது.

மிச்சக் கலவையை எத்தனை நாள் வைக்கலாம்?

நீர்க்காத கலவை, கழுத்துவரை நிரப்பிய கண்ணாடிக் குப்பியில், மூடியின் திருகு துடைத்து இறுக மூடினால் ஓரிரு ஆண்டு நிற்கும். நீர்த்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ரேக் முடிந்ததும் 5 மில்லியாவது தனியே எடுத்து, மாதிரித் துண்டையும் அதே குப்பியில் ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். பத்தாவது பெட்டி வாங்குவீர்கள்.